அறுபது மணித்தியாலம்

ஒரு ரிபனுக்கு அறுபது மணித்தியாலம்.
கையொப்பம் இல்லாதது கணக்கில் வராது
என்று முதல் நாளே சொல்லிவிட்டார் புஸ்பகாந்தன் அண்ணை.
முள்ளியவளை முதலுதவிப் படையின் சொத்து:
சிவப்புக் கொப்பி ஒன்று,
மழைக்கு ஒழுகும் கூடாரம் ஒன்று,
பதினாறு பேர்.

வற்றாப்பளைப் பொங்கலில் பதினொரு மணித்தியாலம்.
தார் றோட்டில் வெறுங்காலோடு வந்தவர்களின்
கொப்புளங்களை எண்ணினேன், முப்பத்தேழு வரை.
காவடி எடுத்தவர் ஒருவர் மயங்கி விழுந்து
கண் திறந்ததும் என்னைப் பார்த்து
"அம்மாளாச்சி" என்று கும்பிட்டார்.
குளுக்கோஸ் கோப்பையை நீட்டியபடி
சிரிக்காமல் நிற்பது எப்படியென்று
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.

விளையாட்டுப் போட்டிகள், எட்டு.
டெங்குச் சிரமதானம், நாலு.
சிரட்டை ஒன்றுக்குள் இருந்து தவளை பாய்ந்து
யூட் நிரோஜன் கத்திய கத்துக்கு
ஸ்ட்ரெச்சரோடு ஓடினோம்.

தை மாதத்து வெள்ளி ஒன்றில்
ஒட்டுசுட்டான் தாண்டி, மாட்டுக்கு விலத்திய பஸ்
மதகில் ஏறியது.
நான் சீருடையில் இல்லை.
ரியூசனுக்குப் போன பச்சைச் சட்டை.
கொண்டக்டரின் தொடையிலிருந்து வந்த இரத்தம்
புத்தகத்தில் போட்ட அம்புக்குறிப்படி வரவில்லை.
ஷோலை மடித்து, உள்ளங்கையின் அடியால் அமர்த்தி
நாற்பது நிமிடம்.
அவர் ரிக்கெற் மெஷினைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.
மாங்குளம் ஆஸ்பத்திரியில்
என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தார்கள்.

கொப்பியில் அது இல்லை.
"நீ அண்டைக்குக் கடமையில இல்லையே, தங்கச்சி."
அண்ணை பேனையைத் திறந்தார், மூடினார்.
"எழுதினா பொய்யாப் போயிடும்."
ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.
பிறகு அவர் சொன்னது சரியென்று பட்டது.
இன்னும் முழுதாகப் படவில்லை.

கடைசி இரண்டு மணித்தியாலம்
பள்ளி மண்டபத்தில், பேச்சுப் போட்டியில்,
ஒருவருக்கும் ஒன்றும் நடக்காத மத்தியானத்தில்
மருந்துப் பெட்டியை மடியில் வைத்து
இருந்த இருப்புக்குக் கிடைத்தது.

கொழும்பிலிருந்து தபாலில் வந்தது ரிபன்.
அரை விரல் நீளம். கறுப்பு, வெள்ளை,
நடுவில் மெல்லிய பச்சைக் கோடு.
பின்னால் இரண்டு ஊசி, இரண்டு பித்தளைப் பூட்டு.
சான்றிதழில் கம்சாயினி கம்சானி ஆகியிருந்தாள்.

அம்மா மா அரித்துக்கொண்டிருந்தா.
சீருடையோடு என்னை முதல் நாள் கண்டு
பேசாமல் அடுப்படிக்குள் போய் நின்றவ.
வெள்ளைச் சேர்ட்தான், கறுப்புப் பாவாடைதான்.
என்றாலும் எங்கள் வீட்டில் சீருடை சீருடைதான்.
அல்பத்தில் மூன்று படங்களின் இடத்தில்
பசைத் தடம் மட்டும் இருக்கிறது.
யாருடையவை என்று நான் கேட்டதில்லை.

கையைத் துடைத்துவிட்டு ரிபனை வாங்கினா,
வெளிச்சத்துக்குப் பிடித்தா.
வடிவாயிருக்கு என்று சொல்லவில்லை.
"இதைக் கழட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

செய்து காட்டினேன்.
ஒரு பூட்டு. மற்றப் பூட்டு. உள்ளங்கைக்குள்.
"நாலு செக்கன்."
"திரும்பச் செய்."
செய்தேன்.
"இருட்டுக்குள்ள?"
கண்ணை மூடிக்கொண்டு செய்தேன்.
ஐந்து.

அதன் பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினா.
இடப்பக்கப் பைக்கு மேலே அடிமட்டம் வைத்து
பென்சிலால் இரண்டு புள்ளி.
"நிமிர்ந்து நில். இப்பப் பார், சரியுது."
அவவின் விரல்கள் இடம் தேடவில்லை.
தெரிந்த இடத்துக்கே போயின.

திங்கட்கிழமை பஸ்ஸில் அதே கொண்டக்டர்,
கொஞ்சம் நொண்டியபடி.
என் முகம் அவருக்குப் பிடிபடவில்லை.
ரிபனைத்தான் பார்த்தார்.
"என்னத்துக்குப் பிள்ளை இது தந்தவை?"

"பேச்சுப் போட்டிக்கு" என்றேன்.

"அப்ப நல்லாக் கதைப்பீர் போல"
என்று மிச்சக் காசை எண்ணித் தந்துவிட்டு
பின்பக்கம் நகர்ந்தார்,
ஒவ்வொரு சீற்றாகப் பிடித்துப் பிடித்து.